கல்லாவில் இருந்து கத்துவதை நிறுத்தினேன்

மதுரையில் சின்ன டிபன் ஓட்டல் நடத்துகிறேன். காலை ஏழரைக்கு மேல் கூட்டம் நெரியும். அப்போதுதான் ஆர்டர் மாறும், சாம்பார் தீரும், சப்ளையரும் தோசை மாஸ்டரும் முறைத்துக்கொள்வார்கள். நான் கல்லாவில் இருந்தே எல்லார் முன்னாலும் திட்டுவேன். டம்ளர் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பேன். பயத்தில் தப்பை மறைக்கப் பழகிவிட்டார்கள். ஒருநாள் சட்னி கெட்டது தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. சாப்பிட வந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ரொம்ப உறுத்தியது.

முதலில் சம்பளப் பிடித்தத்தை நிறுத்தினேன். அப்புறம் ஊழியர்களின் சாப்பாட்டைக் கவனித்தேன். பதினொரு மணிக்கு மிச்சம் மீதியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெறும் வயிற்றோடு நிற்பவர் எப்படி முகம் மலர்ந்து இட்லி வைப்பார்? இப்போது ஆறரைக்கே முதல் ஈடு அவர்களுக்குத்தான். நானும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இன்றைக்கு எது குறைவு, எது சீக்கிரம் தீரும் என்று அங்கேயே பேசிவிடுகிறோம். ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நான் இப்போதுதான் நாலு ஸ்டூல் போட்டேன்.

திட்டும் பழக்கம் லேசில் போகவில்லை. தவறு நடந்தால் பின்கட்டுக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்கிறேன். போன வாரம் கிரைண்டர் பார்க்கும் தம்பி தானாகவே வந்து, "அண்ணே, இந்த மாவு புளிச்சிருச்சு, வேண்டாம்" என்றான்.