நேர்கால் ஜீன்ஸை பெல்பாட்டம் ஆக்குவது எப்படி?

பழைய ஃபேஷன் திரும்பி வரும்போது எப்போதும் ஏதோ ஓர் அளவு மாறியிருக்கும். கப்பல் மாலுமிகள் உடுத்திய அகலக் கால்சட்டை 1960-களின் கடைசியில் பெல்பாட்டம் ஆனது. 1990-களின் பிற்பாதியில் விரிவு குறைந்து, பூட்கட் என்ற பெயரில் வந்தது. நீங்களும் ஓர் அளவை மட்டும் மாற்றுங்கள். கீழ்ச்சுற்று விரியட்டும், இடுப்பும் தொடையும் இன்று உடுத்துகிறபடியே இருக்கட்டும். எல்லாவற்றையும் பழையபடி செய்தால் மாறுவேடம்தான்.

கீழ்ச்சுற்று 40 செ.மீ. உள்ள ஜீன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதையும், சேர்க்கப்போகும் துணியையும் முதலில் துவைத்துக் காயவையுங்கள். புதுத் துணி பிறகு சுருங்கினால் காலை இழுத்துக் கோணலாக்கிவிடும்.

கீழ் மடிப்பைப் பிரித்துவிட்டு, வெளிப்பக்கத் தையலை 36 செ.மீ. உயரம் வரை பிரியுங்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே நிற்கும். உள்பக்கத் தையலைத் தொட வேண்டாம். பெரும்பாலான ஜீன்ஸில் அது ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டை வரியாக அடித்தது, பிரிப்பதற்குள் துணி கிழிந்துவிடும். பிரித்த இடத்துக்கு மேலே பழைய தையலை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் அடித்து இறுக்குங்கள்.

பிரித்த இடைவெளியில் வைத்துத் தைக்கும் முக்கோணத் துண்டின் அடி 18 செ.மீ. தையலுக்கு இருபுறமும் 1.5 போனால் 15 மிஞ்சும், சுற்று 55 ஆகும். உயரத்தில் மேலும் கீழும் 1.5 கூடுதலாக விடுங்கள். துணியின் நேர் இழை, அதாவது கரைக்கு இணையாக ஓடும் நூல், முக்கோணத்தின் நடுவே ஓட வேண்டும். நிறம் அச்சாகப் பொருந்தும் நீலம் தேடி அலையாதீர்கள், கிடைக்காது. இரண்டு சாயல் அடர்த்தியானதை எடுத்தால் வேண்டுமென்றே வைத்ததாகத் தெரியும். ஜீன்ஸ் இழுபடும் ரகம் என்றால் துண்டும் அப்படியே இருக்கட்டும், இல்லையேல் தையல் அலையலையாக நெளியும்.

பலரும் சறுக்குவது முக்கோணத்தின் உச்சியில். ஒரு பக்கத்தை ஏறித் தைத்து அப்படியே திருப்பி மறுபக்கம் இறங்கினால் அங்கே சுருக்கு விழும். உள்ளே இருக்கும் கூடுதல் துணி தையலில் மாட்டிக்கொள்வதுதான் காரணம். உச்சிப் புள்ளியைச் சாக்பீஸால் குறித்து, இரு பக்கமும் அந்தப் புள்ளியில் தொடங்கிக் கீழ்நோக்கித் தனித்தனியே தையுங்கள். 16-ஆம் நம்பர் ஊசி போதும்.

உடனே கீழே மடித்துவிடாதீர்கள். ஒரு நாள் தொங்கவிடுங்கள். சாய்வாக வெட்டிய ஓரம் தன் எடையில் கொஞ்சம் இறங்கும். பிறகு, போடப்போகும் செருப்போடு நின்று நீளம் குறியுங்கள். மடிப்பு 1.5 செ.மீ.-க்கு மேல் வேண்டாம். விரிந்த காலில் அகல மடிப்பு உள்ளே சுருங்கி நிற்கும்.

1980-களின் தோள்பட்டை தூக்கிய கோட்டுக்கும் இதே கணக்குதான். தோளுக்குள் இருக்கும் திண்டை (பேடு) முழுதாக எடுத்தால் கையின் மேல்பகுதி சரிந்துவிடும், அந்த உயரத்துக்கென்றே வெட்டிய துணி அது. 5 மி.மீ. பேடு மாற்றி வையுங்கள்.