சிபிடி சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன நோட்டு

பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எடுக்கிறீர்களா? மனசு கலங்கும்போதே மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: என்ன நடந்தது, அந்த நொடியில் என்ன நினைத்தீர்கள், அந்த உணர்வு நூற்றுக்கு எவ்வளவு. 'மேனேஜர் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. வேலை போய்விடும் என்று தோன்றியது. பயம் 80.' இவ்வளவு போதும், செல்போனில் எழுதினாலும் சரி.

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய இந்த முறையில், தானாக வந்து விழும் எண்ணத்தைப் பிடித்து, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கிய வேலை. ஒரு வாரம் கழித்து யோசித்தால் சம்பவம் ஞாபகத்தில் இருக்கும், எண்ணம் நழுவியிருக்கும். பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள்தான் நடக்கும். காசு கொடுத்து உட்கார்ந்த நேரத்தில் பாதியை 'இந்த வாரம் என்ன ஆச்சு' என்று தேடுவதில் விட வேண்டாமே.

மனதில் வருவதையெல்லாம் தடையில்லாமல் பேசவிடும் சைக்கோடைனமிக் சிகிச்சைக்கு இந்த நோட்டு தேவைப்படாது. ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு, உள்ளவர்களுக்கு எழுதுவதே ஒரு சடங்காக மாறிவிடலாம். பழைய கொடுமையான அனுபவங்களைத் தனியாக உட்கார்ந்து கிளறுவதும் நல்லதல்ல. இந்த இரண்டிலும் சிகிச்சையாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இந்தியாவில் இருந்தால் உடனே 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.