முடிந்த எழுத்தை மட்டும் படித்தால் போதாது

எழுதக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு கையேட்டை நம்பி இருக்க வேண்டாம். விதிகளுக்கு அது சரி. ஆனால் ஒரு பத்தி அடித்துத் திருத்தி எப்படி உருவாகிறது என்பதை வேறு இடங்களில்தான் பார்க்க முடியும். விக்கிப்பீடியாவில் பிடித்த கட்டுரை ஒன்றின் பழைய வடிவங்கள் சேர்ந்திருக்கும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, ஒரு பழைய வடிவத்தை இன்றைய வடிவத்தோடு ஒப்பிடுங்கள். எந்த வரி போனது, எது மேலே ஏறியது என்று அப்படியே தெரியும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இலவசப் பாடம் இல்லை. அப்புறம், எழுத்தாளர்களின் பேட்டிகள். தன் நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாக அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1958-ல் வெளியான பேட்டியில் சொல்லியிருக்கிறார். உங்கள் எழுத்தையும் கைபேசியில் வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியங்களை முதலில் திருத்துங்கள்.