தைராய்டு நார்மல், அப்புறம் கண் ஏன் பிதுங்குகிறது?

தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். நார்மலுக்கு வந்துவிட்டது, இனிமேல் கண்ணும் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதுதான் கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் ஒரு நோய்) உள்ளவர்கள் செய்யும் பெரிய தவறு. கண் வீங்குவதற்கு ஹார்மோன் நேரடிக் காரணம் இல்லை. இந்த நோயில் தைராய்டைத் தூண்டிவிடும் அதே எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடி) கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையையும் கொழுப்பையும் வீங்கவைக்கின்றன. சுற்றிலும் எலும்பு. வேறு வழியில்லாமல் கண் முன்னால் தள்ளப்படுகிறது. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் இது ஆறு மாதம், சிலருக்கு இரண்டு வருடம்கூட நீடிக்கும். அதற்காகத் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஹார்மோன் ஏறினாலும் கண்ணுக்குக் கெடுதல், மருந்து அதிகமாகி ஒரேயடியாக இறங்கினாலும் கெடுதல்.

கண் சிவந்து உறுத்தினால் 'மெட்ராஸ் ஐ' என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்குவது அடுத்த தவறு. அதில் ஸ்டீராய்டு இருந்து, மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் வரலாம். மெட்ராஸ் ஐ ஓரிரு வாரத்தில் போய்விடும்; தைராய்டு கண் வீக்கம் அப்படிப் போகாது. சந்தேகமா? ஐந்து வருடத்துக்கு முந்தைய போட்டோவை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். நேராகப் பார்க்கும்போது மேல் இமை கருவிழியின் உச்சியைக் கொஞ்சம் மூடியிருக்க வேண்டும். கருவிழிக்கு மேலே வெள்ளைக்கோடு தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தூங்கும்போது இமை முழுதாக மூடுகிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மூடாத கண்ணில் ராத்திரி முழுக்க ஃபேன் காற்று பட்டால் காலையில் எரியாமல் என்ன செய்யும்?

சிகரெட்டைப் பற்றி மழுப்ப ஒன்றுமில்லை. கண் பாதிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுவதோடு சிகிச்சையின் பலனையும் அது குறைக்கிறது. ரேடியோ அயோடின் (கதிரியக்க அயோடினால் தைராய்டின் சுரப்பைக் குறைக்கும்) சிகிச்சைக்குப் போகிறவர்கள் கண் தொந்தரவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது சிலருக்குக் கண்ணை மோசமாக்கும் என்பதால் கூடவே ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள்.

பிதுங்கல் அசிங்கமாக இருக்கிறது என்று ஆபரேஷனுக்கு அவசரப்படுவதும் வேண்டாம். பார்வைக்கே ஆபத்து என்றால் தவிர, வீக்கம் அடங்கி ஆறு மாதமாவது போன பிறகுதான் செய்வார்கள். முதலில் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் எடுத்து இடம் கொடுப்பது, பிறகு மாறுகண்ணைச் சரிசெய்வது, கடைசியில் இமை.

பார்வை மங்கினால் 'பவர் மாறியிருக்கும்' என்று கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். சிவப்பு பாட்டில் மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.