குனிந்தால் ஏறும் புளிப்பு

நெஞ்செரிச்சல் யாருக்குத்தான் இல்லை? என்னுடையது குனிந்தால் வந்தது. செருப்பு வாரை மாட்டக் குனிந்தாலும், மும்பை மாட்டுங்கா சந்தையில் நிரப்பிய பையைத் தூக்கினாலும், புளிப்பு நீர் தொண்டைவரை ஏறிவிடும். காரத்தைக் குறைத்தும் நிற்கவில்லை.

மருத்துவர் முதலில் ஈசிஜி எடுக்கச் சொன்னார். நெஞ்சு வலியை வாயு என்று தள்ளிவிடக் கூடாதாம். பிறகு எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாயை இறக்கிப் பார்க்கும் சோதனை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்கும் துளை வழியாக இரைப்பையின் மேல்பகுதி சற்றே நெஞ்சுப் பக்கம் நழுவியிருந்தது. ஹயாட்டல் ஹெர்னியா. குனியும்போதும் படுக்கும்போதும் எரிச்சல் கூடுவது சந்தேகத்துக்கு இடம் தரும், அவ்வளவுதான். ஹெர்னியா இல்லாதவர்களுக்கும் அப்படி வரும். சிறிய ஹெர்னியா உள்ள பலருக்கு எதுவுமே தெரியாது. எண்டோஸ்கோபியோ, பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயோ பார்த்தால்தான் உறுதி.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிடுகிறேன். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15 செ.மீ. உயர்த்தினேன். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்துகிறது. இடப்பக்கமாகப் படுப்பதும் உதவியது. இரவு உணவுதான் பெரும்பாடு. லோக்கல் ரயிலில் இடிபட்டு வீடு சேரவே பத்தாகிவிடும். சாப்பிட்ட கையோடு படுக்கை. இப்போது ஏழு மணிக்கே அலுவலகத்தில் டப்பாவைத் திறந்துவிடுகிறேன். ஆறிய ரசத்தைக் குடிப்பதா என்று அம்மாவுக்கு இன்னும் கோபம்.

இரவு எரிச்சல் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஹெர்னியா அங்கேயேதான் இருக்கிறது. இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார் மருத்துவர். விழுங்கும்போது அடைத்தாலோ, எடை காரணமின்றிக் குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்.