தமிழ்99: படத்தை விட்டுப் புள்ளியைப் பிடியுங்கள்

மொழிபெயர்ப்பு என் தொழில். பல ஆண்டுகள் ஃபோனெடிக் முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டி எழுதிவிட்டு, பிறகு தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்புக்கு மாறினேன். மாற நினைப்பவர்கள் பலரும் விசைப்பலகைப் படத்தை மனப்பாடம் செய்வதில்தான் தொடங்குகிறார்கள். அது தேவையில்லை. அமைப்பிலேயே ஓர் ஒழுங்கு இருக்கிறது.

உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. வ, ங இரண்டும் மட்டும் இடப்பக்கம் இருக்கும். நடுவரிசையில் இடமிருந்து அ, இ, உ, புள்ளி, எ. தொடர்ந்து க, ப, ம, த, ந, ய. குறிலுக்கு நேர் மேலே அதன் நெடில்: அ-வுக்கு மேல் ஆ, இ-க்கு மேல் ஈ. ஒ, ஓ, ஔ கீழ்வரிசையில். ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிப்டோடு. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். இடது ஆள்காட்டி விரலுக்கு மேடு தட்டுப்படும் விசைதான் புள்ளி. ஆனால் அதை அடிக்கடி அழுத்த வேண்டியதில்லை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ போதும். வணக்கம் என்பதற்கு ஆறே தட்டல், ஃபோனெடிக்கில் எட்டு. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் இப்படித்தான்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. பந்து என்பதற்கு ப, ந, த, உ.

இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள். எல்லாப் புள்ளியையும் கையால் வைத்துப் பழகியவர்கள் பின்னாளில் அதை விடச் சிரமப்படுகிறார்கள். தமிழ்99-இன் பலனே இங்கேதான் இருக்கிறது. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அ தட்டுங்கள்: நதி என்பதற்கு ந, அ, த, இ, மமதைக்கு ம, அ, ம, த, ஐ.

நிறுவுவது எளிது. தமிழக அரசு 1999-இல் ஏற்ற அமைப்பு இது. விண்டோஸ் 10-இல் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது, மேக்கிலும் உண்டு. கணினியின் அமைப்புகளில் (Settings) தமிழ்மொழியைச் சேர்த்துத் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். பழைய தமிழ் விசைப்பலகையை அங்கேயே நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை, அவசரமான முதல் மின்னஞ்சலிலேயே கை அதற்குத் தாவிவிடும். இதனாலேயே, கெடு நெருங்கும் வேலை கையில் இருக்கும்போது மாறாதீர்கள். ஆங்கிலத் தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த அமைப்பு அப்படியே இருக்கும்.

விசைகளில் ஸ்டிக்கர் ஒட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன், கண் கீழேயே நின்றுவிடும். படம் வேண்டுமென்றால் திரையின் ஓரத்தில் திறந்து வையுங்கள். பயிற்சிக்கு நடுவரிசையில் மட்டுமே அடங்கும் சொற்களை எடுங்கள்: பக்கம், அகம், தம்பி, பந்து. கதிகம் போன்று வழக்கில் இல்லாதவை வேண்டாம், நீங்கள் நிஜமாக எழுதும் சொற்களே போதும். அவை சரளமானதும் மேல்வரிசை, கடைசியாகக் கீழ்வரிசை. ழ வலது சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிறது. அதற்குத்தான் விரல் பழக அதிக நாள் பிடிக்கும்.