பிளக்-இன் ஹைபிரிட் வாங்கியாச்சா? முதலில் போர்ச் பிளக்கைப் பாருங்கள்

பேராக்கில் சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு, பிளக்கில் சார்ஜ் போட்டும் பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் கார் நல்ல பொருத்தம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட்டால், போகவரப் பெரும்பாலும் மின்சாரமே போதும். தைப்பூசத்துக்குப் பத்துமலை வரை போக வேண்டுமா, பெட்ரோல் இருக்கிறது. காரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வீட்டு வயரிங்கைப் பற்றித்தான் கவலை.

தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் வாங்கிய பழைய மலிவுவிலைத் தாமான் வீடுகளிலும், இன்னும் ஆள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலும், வயரிங் போட்ட காலத்தில் நாலு லைட்டு, ரெண்டு காத்தாடி, ஒரு டிவி, ஒரு ஐஸ்பெட்டி என்றுதான் கணக்கு. பிறகு வாட்டர் ஹீட்டர் வந்தது, ஏர்கான் வந்தது. இப்போது அதே வயரில் காரையும் மாட்டுகிறோம்.

காரோடு கொடுக்கும் கேபிளில் நடுவில் ஒரு பெட்டியும் முனையில் மூன்று கால் பிளக்கும் இருக்கும். பொதுவாக 8 அல்லது 10 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் என்றால் சுமார் 2.3 கிலோவாட். “தண்ணி கொதிக்கிற கெட்டில் இதைவிடக் கூடுதலா இழுக்குதே, பிளக் தாங்கத்தானே செய்யுது” என்று பலர் கேட்கிறார்கள். கெட்டில் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். 18 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரியோ எட்டு, ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும், அதுவும் வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரத்தில். பிளக் பாயிண்டுக்குள் ஒரு திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போகும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிளக் பாயிண்டுக்கு நேராக நின்று, கீழே வலது பக்கத் துளையைப் பாருங்கள். அதுதான் மின்சாரம் வரும் லைவ். பிளக்கின் ஃபியூஸும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதால் சூடு முதலில் அங்கேதான் கூடும். துளையின் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தாலோ, அந்தப் பாயிண்டில் காரை மாட்டவே கூடாது. முதல் தடவை சார்ஜ் போடும்போது அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே காரில் சார்ஜை நிறுத்திவிட்டு, அப்புறம் பிளக்கைப் பிடுங்குங்கள். மின்சாரம் ஓடும்போதே பிடுங்கினால் பொறி பறந்து துளையைக் கெடுத்துவிடும். கார் நிறுத்தும் போர்ச்சில் உள்ள பாயிண்டுகளில் இன்னொரு தொல்லை எறும்பும் பல்லியும். தீபாவளி லைட்டுக்கு மட்டும் பயன்பட்டு, மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும் பாயிண்ட் என்றால், மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு வயர்மேனை வைத்துத் திறந்து பார்ப்பது நல்லது.

ஹாலிலிருந்து ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் இழுப்பது வேண்டவே வேண்டாம். மெல்லிய வயர், அதையும் சுருளாக வைத்தால் சூடு வெளியே போக வழியில்லை. இணையத்தில் மலிவாக வாங்கிய, தரச் சான்றான சிரிம் முத்திரை இல்லாத சார்ஜரும் அடாப்டரும் அதே ரகம்தான்.

சரி, என்னதான் செய்வது? வீட்டு லைன்களெல்லாம் பிரியும் டிபி பெட்டியிலிருந்து காருக்கென்றே தனி லைன். அதற்கு, சுமை கூடினால் தானே அணையும் தனி எம்சிபி, மின்சாரம் கசிந்தால் அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. ஆர்சிசிபி ‘டைப் ஏ’ ஆக இருக்கட்டும். கார் சார்ஜரிலிருந்து வரும் சிலவகைக் கசிவை சாதாரண ‘டைப் ஏசி’ பிடிக்காமல் விட்டுவிடலாம். வெளியே மழை படும் இடம் என்றால் மூடி வைத்த, தண்ணீர் புகாத பாயிண்ட். வேலை செய்பவர் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேனாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும், முடித்ததற்கும் சோதித்ததற்கும் சான்றான போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு படிவங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்தது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது இதுதான். நம் ஊரில் வீட்டுக்கு வீடு தனியாகச் செம்புக் கம்பி மண்ணில் அடித்திருப்பார்கள். குசினியை நீட்டிக் கட்டும்போதும் போர்ச்சுக்குச் சிமெண்ட் போடும்போதும் அந்தக் கம்பிக்குப் போகும் பச்சை வயர் அறுந்துபோயிருக்கும். செம்புக்காகத் திருடர்களே வெட்டிக்கொண்டு போவதும் உண்டு. லைட்டும் காத்தாடியும் வழக்கம்போல ஓடுவதால் யாருக்கும் தெரியாது. கார் கேபிளில் இருக்கும் பெட்டி மட்டும் எர்த்தைச் சோதித்துவிட்டு, சிவப்பு லைட் காட்டி மறுத்துவிடும். கார் கெட்டுவிட்டது என்று ஷோரூமுக்குப் போன் போடுவார்கள். கார் சரியாகத்தான் இருக்கிறது. வீட்டில்தான் எர்த் இல்லை.

அந்த நேரத்தில் அரைகுறை தெரிந்த ஒருவர் வந்து, பாயிண்டுக்குள்ளேயே, மின்சாரம் திரும்பிப் போகும் வயரான நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுவார். லைட் பச்சையாகிவிடும், சார்ஜும் ஏறும். ஆனால் அன்றிலிருந்து காரின் உடம்பு நியூட்ரல் வயரோடு சேர்ந்துவிட்டது. அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் முழுக்க 230 வோல்ட் நிற்கும். மழை நனைத்த சிமெண்டில் வெறுங்காலோடு வந்து பிள்ளை கதவைத் திறந்தால் என்ன ஆகும்? யாராவது அப்படிக் கட்டித் தருகிறேன் என்றால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். புதுக் கம்பி அடித்து, மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

சிலர் நேர் எதிர்ப் பக்கம் போய், 22 கிலோவாட் சுவர் சார்ஜருக்கும், கூடுதல் சுமை தாங்கும் மூன்று ஃபேஸ் இணைப்புக்கும் விலை கேட்கிறார்கள். மின்சாரத்தை மாற்றிப் பேட்டரிக்கு அனுப்பும் சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெரும்பாலான பிளக்-இன் ஹைபிரிட்களில் அது 3.3 முதல் 7 கிலோவாட் வரைதான் எடுக்கும். சுவரில் எவ்வளவு பெரியதை மாட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. இரவு முழுக்க நேரம் இருக்கும்போது 10 ஆம்பியர் தனி லைனே பலருக்குப் போதும்.

கட்டணத்தில், மின்சார நிறுவனமான டி.என்.பி.யின், நேரத்துக்கு நேரம் விலை மாறும் நேரவாரித் திட்டத்துக்கு மாறினால் பெரிய மிச்சம் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2025 ஜூலையில் வந்த கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் யூனிட்டுக்கு 27.03 சென், நேரவாரித் திட்டத்தில் இரவு 10 மணியிலிருந்து மறுநாள் பகல் 2 மணி வரை 24.43 சென். 15 யூனிட் ஏற்றினால் மிச்சம் 40 சென்னுக்கும் குறைவு. வாரநாள் பகல் 2 முதல் இரவு 10 வரை 28.52 சென் ஆகிவிடுவதால், மாலையில் ஏர்கான் ஓடும் வீடு அந்த மிச்சத்தை அங்கேயே விட்டுவிடும். இன்னொன்று, மாதப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டினால் சில்லறைக் கட்டணமாக 10 ரிங்கிட் சேரும். கார் வந்த வீடு அந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்த வேண்டும் என்று சொல்வார்கள்; அது எல்லாப் பேட்டரிக்கும் பொருந்தாது. கையேடு சொல்வதைக் கேளுங்கள். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு மாட்டாமல், சாப்பிட்டுவிட்டு வந்து மாட்டுங்கள். ஊருக்கு, இந்தியாவுக்கு என்று வாரக்கணக்கில் போகிறவர்கள் முழுச் சார்ஜில் விட்டுப் போகாமல் பாதியளவில் விடலாம். மின்சாரத்திலேயே ஓட்டுகிறோம் என்று பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடுவதும் தவறு. எஞ்சினையும் அவ்வப்போது ஓட விடுங்கள், எண்ணெயை நாள் கணக்குப்படி மாற்றுங்கள்.

நம் பக்கம் சாயங்கால இடி சாதாரணமானதில்லை. டிபி பெட்டியில் மின்னல் தடுப்புச் சாதனம் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். அது இல்லாத வரை, வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே காரைக் கழற்றிவிட்டு, இடி ஓய்ந்த பிறகு மாட்டினால் போதும்.